விமானப்படைப் பயிற்சியில் நிறுத்திவிட்டார்கள், இனி ஏர்லைன் பைலட் ஆக முடியுமா?

கேள்வி கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வந்திருக்கிறது. கேட்டவருக்கு வயது 23, பி.இ. முடித்தவர். விமானப்படையின் ஏஎஃப்கேட் நுழைவுத் தேர்வு எழுதி, எஸ்எஸ்பி நேர்முகத் தேர்வில் தேறி, ஐதராபாத் பக்கம் துண்டிகல் விமானப்படை அகாடமியில் பறக்கும் பிரிவில் சேர்ந்திருக்கிறார். தேர்வானபோது தெருமுனையில் ஃபிளக்ஸ் வைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள். பிலாட்டஸ் பயிற்சி விமானத்தில் முதல் கட்டப் பயிற்சியிலேயே நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது அப்பா நெல்லிக்குப்பம் பக்கம் இருக்கும் கரும்பு நிலத்தை விற்று சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) படிக்க வைக்கிறேன் என்கிறார். தம்பி கேட்பது நான்கு: ஏர்லைன்காரர்கள் என்னை எடுப்பார்களா? படையில் பறந்த மணி நேரம் கணக்கில் வருமா? நிறுத்தப்பட்டதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா? நிலத்தை விற்கலாமா?

தம்பி, நான் புதுச்சேரியில் இருக்கிறேன். பயிற்சிப் பள்ளிகளில் நேவிகேஷனும் மெட்டியராலஜியும் பாடம் எடுத்தவன். படையிலிருந்து நிறுத்தப்பட்டு வந்து எங்களிடம் உட்கார்ந்து படித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஏர்லைனில் கோ-பைலட்டாக வலது சீட்டில் உட்கார்ந்தவர்களும் அதில் உண்டு, இரண்டாவது தடவையும் அதே இடத்தில் தடுக்கி விழுந்தவர்களும் உண்டு. இந்த இரண்டு வகைக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. முதல் வகையினர் தங்களை ஏன் நிறுத்தினார்கள் என்று தெரிந்துகொண்டு வந்தார்கள். மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசவே பிடிக்காமல் வந்தார்கள்.

அதனால் முதல் கேள்விக்குப் பாதி பதில் இப்போதே சொல்லிவிடலாம். விமானப்படை நிறுத்தியது என்ற ஒரே காரணத்துக்காக, சிவில் விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ உங்களுக்கு லைசென்ஸ் மறுக்காது. படையின் பறக்கும் பிரிவுக்கு மறுபடி விண்ணப்பிக்கத்தான் முடியாது. அகாடமியில் பறக்கும் பயிற்சியிலிருந்து நிறுத்தப்பட்டவருக்கு அந்தக் கதவு நிரந்தரமாக மூடியது, அறிவிக்கையிலேயே போட்டிருப்பார்கள். சிவில் பக்கம் அப்படி ஒரு விதி கிடையாது. பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் இருக்க வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும், மெடிக்கல் தேற வேண்டும், தேர்வுகள் எழுத வேண்டும், 200 மணி நேரம் பறக்க வேண்டும், ஸ்கில் டெஸ்ட் என்ற பறக்கும் தேர்வில் தேற வேண்டும். இவ்வளவுதான் சட்டம் கேட்பது.

மீதிப் பாதி உங்களிடம் இருக்கிறது. உங்களை எதற்காக நிறுத்தினார்கள்?

படையில் பயிற்சி விமானம் பறக்கும் ஒவ்வொரு நிமிடமும் அரசாங்கப் பணம். இத்தனை சார்ட்டிக்குள் (ஒரு தடவை ஏறி இறங்குவது ஒரு சார்ட்டி) சோலோ, அதாவது இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் தனியாக, போயிருக்க வேண்டும் என்று சிலபஸில் இருக்கும். பின்தங்கினால் கூடுதலாகச் சில சார்ட்டிகள் தருவார்கள், இன்ஸ்ட்ரக்டரை மாற்றிப் பார்ப்பார்கள், பிறகு மூத்த அதிகாரி ஒருவர் செக், அதாவது பறக்கவைத்துச் சோதனை, எடுப்பார். அதிலும் சரிவராவிட்டால் நிறுத்திவிடுவார்கள். இன்னும் இருபது மணி நேரம் கொடுத்திருந்தால் நன்றாகப் பறந்திருப்பான் என்பது அந்த இன்ஸ்ட்ரக்டருக்கே தெரிந்திருக்கலாம். ஆனால் அந்த இருபது மணி நேரத்தை அவர் தர முடியாது. அவர்கள் தேடுவது, பிற்பாடு ஒற்றை ஆளாக ஒரு சண்டை விமானத்தில் உட்கார்ந்து, தாழப் பறந்து, கூட்டமாகப் பறந்து, அதே நேரத்தில் ஆயுதத்தையும் கவனிக்கக்கூடியவரை. பிலாட்டஸ் பிசி-7 மார்க் 2 என்பது 700 குதிரைத்திறன் டர்போபிராப். சிவில் பள்ளியில் நீங்கள் ஏறப்போகும் செஸ்னா 172-க்கு அதில் கால்வாசித் திறன்தான். பிலாட்டஸில் நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் ரன்வே முன்னால் வந்து நிற்கும். செஸ்னாவில் யோசிக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

என் அனுபவத்தில் நிறுத்தங்கள் மூன்று விதம். ஒன்று, கற்கும் வேகம் போதாமை. லேண்டிங் பிடிபட நாளானது, சோலோ தள்ளிப்போனது, சார்ட்டி தீர்ந்துவிட்டது. இந்த வகை என்றால் நான் துணிந்து போங்கள் என்பேன். சிவிலில் சோலோ போகச் சிலருக்குப் பதினைந்து மணி நேரம் ஆகும், சிலருக்கு முப்பது ஆகும். கூடுதல் மணிக்குக் கூடுதல் காசு, அவ்வளவுதான்.

இரண்டாவது, உடம்பு. தலைகீழாகப் புரளும்போது வாந்தி, ஜி-விசையில் மயக்கம், அல்லது காலின் நீளம், உட்கார்ந்த உயரம் என்று படையின் அளவுகோலில் ஏதோ ஒன்று. ஏர்லைனில் யாரும் உங்களைத் தலைகீழாகப் புரட்டப் போவதில்லை. படை கேட்கும் உடல் அளவுகள் பல சிவிலில் கிடையாது. கண்ணாடி போட்டுப் பார்வை சரியாக இருந்தாலும் போதும். ஆனால் நிற வேற்றுமை தெரியாமை, காது, இதயம், வலிப்பு, மன நலம் சம்பந்தப்பட்ட காரணம் என்றால் சிவில் மெடிக்கலிலும் அது வந்து நிற்கும். வாந்தி விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை: ரன்வேயைச் சுற்றி வரும் சாதாரண சர்க்யூட்டிலேயே, வெயில் ஏறிய மத்தியானக் காற்றின் ஆட்டத்திலேயே வாந்தி வந்தது என்றால் அது பழகிப் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த படி.

மூன்றாவதுதான் சிக்கல். இதை நீங்கள் தனியாக உட்கார்ந்து நேர்மையாகப் பார்க்க வேண்டும். சர்க்யூட்டில் டவுன்விண்ட் லெக்கை நினைத்துப் பாருங்கள். ரன்வேக்கு இணையாக, எதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். உயரம் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. லேண்டிங்குக்கு முந்தைய செக்லிஸ்ட் சொல்ல வேண்டும், வேகம் குறைந்ததும் கியர் (சக்கரம்) இறக்க வேண்டும், விளக்கு எரிந்ததா பார்க்க வேண்டும், டவருக்கு ரேடியோவில் தகவல் சொல்ல வேண்டும், முன்னால் போகும் விமானம் எங்கே என்று கண்ணால் தேட வேண்டும். இதெல்லாம் முடிவதற்குள் ரன்வே பக்கமாக பேஸ் திரும்பும் இடம் வந்துவிடும். உங்கள் இன்ஸ்ட்ரக்டர் பின் சீட்டிலிருந்து கத்தியது இதில் எந்த இடத்தில்? ரன்வே மேல் வந்து கடைசி இருபது அடியில் மூக்கைத் தூக்குவதில் கத்தினார் என்றால் அது கை சம்பந்தப்பட்டது, பழக்கத்தில் வரும். ரேடியோவில் உங்களைக் கூப்பிட்டது காதிலேயே விழவில்லை, கியர் இறக்கும்போது உயரம் இருநூறு அடி போய்விட்டது, ஒரு தப்பு நடந்ததும் அடுத்த ஐந்து நிமிடம் மூளை உறைந்துவிட்டது என்றால், அது ஏர்லைனிலும் கூடவே வரும். அங்கே விமானத்தில் இரண்டு பேர் இருப்பார்கள்தான், ஆட்டோ பைலட் இருக்கும்தான். ஆனால் கேட்பது இதைத்தான்: ஒரே நேரத்தில் நான்கு வேலை, வரிசை மாறாமல், குரல் உயராமல்.

இந்த மூன்றாவது வகை என்றால் ஏர்லைன் உங்களுக்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, கை நகர்த்தி, வாய் விட்டுச் சொல்லி, முழு சர்க்யூட்டையும் நூறு தடவை பறந்து பார்த்து இதைச் சரிசெய்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் சரியாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ளாமல் ஐம்பது லட்சம் கட்டக் கூடாது. ஏர்லைனில் சேர்ந்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிமுலேட்டரில் உட்காரவைத்து, டேக் ஆஃப் ஓட்டத்தில் ஒரு இன்ஜினை நிறுத்திவிட்டு, என்ன செய்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். ரிட்டயர் ஆகும் வரை இந்தத் தேர்வு ஓயாது. செக் என்றாலே கை நடுங்கியதுதான் உங்கள் பிரச்சினை என்றால், அதை முதலில் கவனியுங்கள்.

காரணம் எது என்று உங்களுக்கே தெளிவாகத் தெரியவில்லையா? உங்கள் பழைய இன்ஸ்ட்ரக்டருக்கு ஒரு போன் போடுங்கள். "சார், நான் சிவில்ல பறக்கலாம்னு இருக்கேன், என்கிட்ட என்ன குறை பார்த்தீங்க?" என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள். அந்தப் பத்து நிமிடப் பேச்சு எந்தக் கோச்சிங் சென்டரிலும் காசு கொடுத்து வாங்க முடியாதது.

இனி மணி நேரக் கணக்கு. இதில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். சிபிஎல்லுக்குத் தேவையான 200 மணியில் 100 மணி பைலட் இன் கமாண்டாக, அதாவது விமானத்துக்கு நீங்களே பொறுப்பேற்றுப் பறந்திருக்க வேண்டும். அதற்குள் 300 நாட்டிக்கல் மைல் தூரத்துக்குக் குறையாத ஒரு கிராஸ் கன்ட்ரி (ஊர் விட்டு ஊர் போகும் பறப்பு), இரவுப் பறப்பு, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் இன்ஸ்ட்ருமென்ட் மணி எல்லாம் அடக்கம். முதல் கட்டத்தில் நிறுத்தப்பட்டவரிடம் இருப்பது பெரும்பாலும் டூயல் மணி, அதாவது இன்ஸ்ட்ரக்டர் கூட இருந்து பறந்தது. சோலோ இருந்தால் கைவிரல் கணக்கு. அந்த டூயலை மொத்தத்தில் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாலும் 100 மணி கமாண்ட் என்ற தேவை குறையாது. மணி நேரத்துக்குக் காலாவதியும் உண்டு, விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஐந்து வருடத்துக்குள் பறந்ததுதான் செல்லும். சேரப்போகும் பள்ளியின் சீஃப் இன்ஸ்ட்ரக்டரிடம் பறந்த கணக்கு எழுதிய லாக் புக்கை முதல் நாளே காட்டி, எவ்வளவு எடுத்துக்கொள்ள முடியும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த லாக் புக்கைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? தேதி, விமான வகை, பதிவு எண், கூட வந்தவர் பெயர், பயிற்சி எண், டூயல், சோலோ என்று கட்டம் கட்டமாக இருக்குமே, ஒவ்வொரு மாத முடிவிலும் கூட்டுத்தொகை போட்டுக் கையெழுத்து இருக்கிறதா பாருங்கள். கடைசிப் பக்கத்தில் முத்திரை விடுபட்டிருந்தால் இப்போதே அகாடமிக்கு எழுதி வாங்குங்கள். இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் கையெழுத்துப் போட்ட அதிகாரி எங்கோ எல்லையில் இருப்பார். மணி நேரம் கணக்கில் வராவிட்டாலும் அந்தப் புத்தகம் உங்களுக்கு வேண்டும். நீங்கள் எங்கே இருந்தீர்கள், என்ன செய்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

மறைப்பது பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம் தம்பி. பயோடேட்டாவில் ஒரு வருடத்துக்கு மேல் வெற்றிடம் இருக்கும், அதைக் கேட்காத இன்டர்வியூ கிடையாது. மெடிக்கல் படிவத்தில் முன்பு எங்காவது தகுதியற்றவர் என்று சொல்லப்பட்டீர்களா என்று கேட்பார்கள், அங்கே பொய் எழுதினால் பிற்பாடு லைசென்ஸே போகும். 2011-இல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து லைசென்ஸ் வாங்கிய பைலட்டுகள் கைதானபோது இந்தத் துறையே ஆடிப்போனது. அதற்குப் பிறகு காகிதத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பது இங்கே பழக்கமாகிவிட்டது. அதே மாதிரி சில இடங்களில் பறக்காத மணியைப் பேனாவால் எழுதித் தருவதாகச் சொல்வார்கள்; பார்க்கர் மணி என்பார்கள். அந்தப் பேச்சு வந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். பறக்காத மணி, மழையில் ரன்வே தெரியாத ஒரு ராத்திரியில் தன்னைக் காட்டிக் கொடுக்கும். அப்போது பின்னால் நூற்றி எண்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. "சார், பாலிட்டிக்ஸ்", "இன்ஸ்ட்ரக்டருக்கு என்னைப் பிடிக்கல" என்று ஆரம்பித்தால் கதை முடிந்தது. "முதல் கட்டத்தில் லேண்டிங் குறித்த சார்ட்டிக்குள் வரவில்லை, நிறுத்தினார்கள். அதன் பிறகு சிவிலில் இத்தனை மணியில் சோலோ போனேன், ஸ்கில் டெஸ்ட் முதல் முயற்சியில் தேறினேன், இதோ ரெக்கார்டு." மூன்று வாக்கியம் போதும். படையில் ஒரு வருடம் இருந்தவனிடம் காலை நான்கு மணிக்கு எழும் பழக்கம், பிரீஃபிங் எழுதும் ஒழுங்கு, திட்டு வாங்கினால் வாடாமல் நிற்பது எல்லாம் இருக்கும். கேட்பவர் அதையும் கணக்கில் வைப்பார். ஏர்லைன்களில் தேர்வு எடுக்கும் மூத்த கேப்டன்களில் முன்னாள் விமானப்படையினர் நிறையப் பேர் உண்டு. நிறுத்தம் என்றால் என்ன, அது எப்படி நடக்கும் என்று அவர்களுக்கு நீங்கள் விளக்கவே வேண்டாம்.

இதைப் படிக்கும் இன்னொரு பிள்ளை இன்னும் அகாடமியிலேயே இருந்து, தரையில் வேலை பார்க்கும் கிரவுண்ட் டியூட்டி பிரிவுக்கு மாற விருப்பமா என்று கேட்கப்பட்டிருந்தால், அவசரத்தில் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் 56,100-இல் ஆரம்பிக்கும் அதிகாரி வேலை அது. குறுகிய காலப் பணியில் பத்து வருடம் இருந்துவிட்டுச் சேமித்த பணத்தில் முப்பத்து மூன்று வயதில் சிபிஎல் படிக்கலாம். 65 வயது வரை பறக்கலாம் என்கிறபோது அது தாமதமே இல்லை. சொந்த விருப்பத்தில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். உங்கள் அப்பாவும் இதைப் படிக்க வேண்டும்.

இன்றைய நிலவரத்தில் இந்தியாவில் சிபிஎல் முடிக்கப் பொதுவாக 45 முதல் 60 லட்சம் ஆகிறது. அது முடிந்தாலும் வேலை இல்லை. ஏர்பஸ் 320 அல்லது போயிங் 737 ஓட்ட அந்த விமான வகைக்கென்று டைப் ரேட்டிங் என்ற தகுதி வேண்டும், அதற்கு இன்னும் பதினைந்து லட்சம் அளவில். ஏர்லைன்கள் நடத்தும் கேடட் திட்டத்தில் எல்லாம் சேர்த்து ஒரு கோடியைத் தாண்டும். நான் பார்த்த குடும்பங்களில் பெரும்பாலும் நிலம் விற்ற பணம் சிபிஎல்லோடு தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு பிள்ளை லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பான். உட்கார்ந்திருப்பதற்கும் செலவு உண்டு: இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், மெடிக்கல் எடுக்க வேண்டும், கை மறக்காமல் பறக்கவும் வேண்டும்.

வங்கிக் கடன் என்றால் 50 லட்சத்தைப் 11 சதவீத வட்டியில் பத்து வருடத்தில் கட்டப் போட்டுப் பாருங்கள், மாதம் சுமார் 69 ஆயிரம் வரும். ஏழரை லட்சத்துக்கு மேல் அடமானம் கேட்பார்கள், ஆக நிலம் எப்படியும் நடுவில் வரும். பட்டியல் சாதிக் குடும்பம் என்றால், மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைப் பட்டியலில் சிபிஎல் படிப்பும் இருக்கிறது. வருமான வரம்புக்குள் வருபவர்கள் ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். இது பலருக்குத் தெரிவதே இல்லை.

ஆகவே நான் சொல்வது ஒன்றுதான்: செலவு குறைந்த சோதனையை முதலில் வையுங்கள், பெரிய செலவைக் கடைசிக்குத் தள்ளுங்கள். எந்தப் படியில் தடுக்கினாலும் அதுவரை போன பணத்தோடு திரும்பி வரலாம்.

முதலில் டிஜிசிஏவின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் சான்றிதழ்களைச் சரிபார்க்க வைத்து, தேர்வு எழுதத் தேவையான கம்ப்யூட்டர் நம்பர் வாங்குங்கள். அடுத்து டிஜிசிஏவின் கிளாஸ் 2 மெடிக்கல், அதோடு நிற்காமல் சிபிஎல்லுக்கு வேண்டிய கிளாஸ் 1. விதிப்படி கிளாஸ் 1 பிற்பாடு எடுத்தால் போதும், ஆனால் முப்பது லட்சம் கட்டிய பிறகு காதில் குறை என்று தெரிந்து நின்றுபோன பையனை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. படை மெடிக்கலில் தேறியவர் நீங்கள், பயமில்லை. இருந்தாலும் காகிதம் கையில் வரட்டும்.

பிறகு தேர்வுகள். ஏர் நேவிகேஷன், மெட்டியராலஜி, ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் ஜெனரல், டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். சென்னையிலேயே எழுதலாம். விமான ரேடியோவில் பேசுவதற்கான ரேடியோ டெலிபோனி தேர்வை முன்பு தொலைத்தொடர்புத் துறை நடத்தியது, 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விமானச் சட்டம் அந்தப் பொறுப்பை டிஜிசிஏவிடம் கொடுத்துவிட்டது. இந்தப் பாடங்களில் பாதி உங்களுக்கு அகாடமியில் சொல்லிக்கொடுத்தவைதான். வீட்டிலிருந்தே படிக்கலாம். பள்ளியில் சேர்ந்துவிட்டுப் படிப்பவர்கள் தேர்வில் பெயிலாகி, விமானம் நின்றுகொண்டிருக்க, விடுதி வாடகை கட்டிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் எல்லாத் தேர்வையும் முடித்துவிட்டுப் போனால் அங்கே பறப்பது மட்டும்தான் வேலை.

மெட்டியராலஜியில் கடலூர்க்காரருக்கு ஒரு வசதி இருக்கிறது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது உங்களுக்கு எட்டு வயது இருக்கும். முதலில் ஒரு திசையிலிருந்து அடித்த காற்று, புயல் கடந்ததும் எதிர்த் திசையிலிருந்து அடித்ததை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். புத்தகத்தில் புயலின் கண், காற்று திரும்புவது, அழுத்தம் விழுவது என்று வருகிற பக்கமெல்லாம் உங்கள் தெருவில் நடந்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரி மேலேயே நகராமல் நின்று கொட்டியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனப்பாடம் செய்பவன் 70 வாங்குவான், இப்படிப் படிப்பவனுக்குப் பிற்பாடு வானத்தில் உதவும்.

தேர்வு முடிந்ததும், முழுக் கட்டணம் கட்டாமல், ஏதாவது ஒரு ஃபிளையிங் கிளப்பில் பத்து மணி நேரம் மட்டும் பறக்க முடியுமா பாருங்கள். உங்கள் நிறுத்தத்தின் காரணத்தை அந்த இன்ஸ்ட்ரக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அதையே சோதிக்கச் சொல்லுங்கள். பத்து மணி முடிவில் அவர் சொல்வதுதான் உங்கள் தீர்ப்பு. அது சாதகமாக வந்தால் மட்டும் பெரிய பணத்தைத் தொடுங்கள்.

பள்ளி தேர்ந்தெடுக்கும்போது இணையதளத்தில் உள்ள படத்தைப் பார்க்காதீர்கள். நேரில் போய், காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை ஹேங்கர் பக்கம் நின்று, எத்தனை விமானம் கிளம்புகிறது என்று எண்ணுங்கள். பத்து விமானம் என்று விளம்பரம் செய்த இடத்தில் மூன்று பறக்கும், மற்றவை உதிரி பாகத்துக்குக் காத்து நிற்கும். எத்தனை மாணவர்கள், எத்தனை இன்ஸ்ட்ரக்டர்கள், கடந்த வருடம் எத்தனை பேர் ஸ்கில் டெஸ்ட் முடித்தார்கள் என்று கேளுங்கள். பழைய மாணவர்களை டீக்கடையில் பிடித்துப் பேசுங்கள். பதினைந்து மாதம் என்று சொல்லிச் சேர்ந்து மூன்று வருடம் காத்திருந்தவர்கள் ஏராளம். டிஜிசிஏ 2025-இல் பள்ளிகளுக்குத் தர வரிசை வெளியிட ஆரம்பித்திருக்கிறது, அதையும் பாருங்கள். உத்தரப்பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்சில் இருக்கும் மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரீய உரான் அகாடமிக்கு நுழைவுத் தேர்வு உண்டு, எழுதிப் பாருங்கள். வடக்கே டிசம்பர், ஜனவரியில் மூடுபனி, நம் பக்கம் அக்டோபரிலிருந்து மழை. எங்கே போனாலும் சில வாரம் தரையில்தான் இருப்பீர்கள். வெளிநாட்டில் முடித்து வந்தாலும் இங்கே டிஜிசிஏ தேர்வும் மாற்றுவதற்கான நடைமுறையும் இருக்கின்றன. மொத்தக் கட்டணத்தையும் முன்பணமாகக் கேட்டால் எந்த நாடாக இருந்தாலும் வேண்டாம்.

பைலட் பற்றாக்குறை என்ற விளம்பரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தது உண்மை. பற்றாக்குறை இருப்பதும் உண்மை. ஆனால் அது அனுபவமுள்ள கேப்டன்களுக்கு. அந்த ஒரு வருடத்தில் மட்டும் டிஜிசிஏ 1,622 சிபிஎல் வழங்கியது; 200 மணியோடு வந்து நிற்கும் வரிசை நீளமானது. விமானங்கள் வந்து சேரப் பல வருடம் ஆகும். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும் 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்டும் நின்றபோது, அனுபவமுள்ளவர்களும் அதே வரிசையில் வந்து நின்றார்கள். எனவே சிபிஎல் முடிந்து ஒன்று இரண்டு வருடம் காத்திருக்கும் செலவையும் கணக்கில் வையுங்கள். அந்தக் காலத்தில் இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் எடுத்துச் சொல்லிக்கொடுக்கலாம். மணியும் ஏறும், சம்பளமும் வரும். ஏர்பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருக்காமல் ஏடிஆர் என்ற சின்ன புரொப்பெல்லர் விமானத்தையும் நினையுங்கள். எங்கள் புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தில் ரன்வே நீளம் ஒன்றரைக் கிலோமீட்டர்தான், 2024 டிசம்பரிலிருந்து இண்டிகோவின் ஏடிஆர் 72 பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் போய் வருகிறது. இப்படிச் சின்ன ஊர்களுக்குப் பறப்பவரிடம் கைத்திறன் நன்றாகவே வளரும்.

கூடவே இன்னொன்றையும் எழுதிப் போடுங்கள். விமான நிலைய ஆணையம் எடுக்கும் ஜூனியர் எக்ஸிக்யூட்டிவ், ஏர் டிராஃபிக் கன்ட்ரோல் வேலை. பி.இ. படித்தவர் விண்ணப்பிக்கலாம், பொதுப் பிரிவுக்கு 27 வயது வரம்பு, உங்களுக்கு நேரம் இருக்கிறது. அதை ஆறுதல் பரிசாக நினைக்காதீர்கள். பைலட்டை விடக் கூர்மையான தலை கேட்கும் வேலை அது. அதில் சம்பாதித்துக்கொண்டே சிபிஎல்லுக்குச் சேர்க்கவும் முடியும்.

நிலத்துக்கு வருகிறேன். அப்பாவிடம் சொல்லுங்கள்: கம்ப்யூட்டர் நம்பர், மெடிக்கல், தேர்வுகள், பத்து மணி நேரப் பறப்பு, இவை நான்கும் முடியும் வரை நிலத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். எல்லாம் சேர்த்துச் சில லட்சத்துக்குள் அடங்கும். எட்டு மாதமாவது ஆகும். அந்தக் கரும்பு அதுவரை நின்று வளரட்டும். நான்கும் சாதகமாக முடிந்தால், விற்பதா, பாதி விற்றுப் பாதி கடனா என்று அப்போது உட்கார்ந்து பேசலாம். விற்றாலும் டைப் ரேட்டிங் பணத்தை முதல் நாளே தனியாக வைப்பு நிதியில் போட்டுவிடுங்கள். தங்கை கல்யாணம், வீட்டுக் கூரை என்று எதற்கும் அதைத் தொடக் கூடாது.

ஃபிளக்ஸ் வைத்த தெருவில் திரும்பி நடப்பது சங்கடம்தான். "என்னப்பா, பைலட் ஆகப் போனியே?" என்று கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். விமானிக்கான திறன் தேர்வில் தேறி, எஸ்எஸ்பி தேறி, அந்த மெடிக்கலையும் தேறி அகாடமி வாசலுக்குள் போனவர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர்? அந்தத் தெருவுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். ஆனால் அப்பா அந்தக் கேள்விக்குப் பயந்து நிலத்தை விற்க அவசரப்படுகிறாரா என்று மட்டும் பாருங்கள். அப்படி என்றால் பறப்பது பற்றிய பேச்சை ஒரு மாதம் நிறுத்திவையுங்கள். அம்மாவையும் சேர்த்துக்கொண்டு மூன்று பேரும் நிதானமாகப் பேசிவிட்டுப் பிறகு ஆரம்பியுங்கள்.

இன்ஸ்ட்ரக்டரிடம் பேசிய பிறகு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். லாக் புக்கின் கடைசி இரண்டு பக்கத்தையும் அனுப்புங்கள். எந்தப் பள்ளி, எந்த மாதம் சேரலாம் என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.